பபூன் படத்தில் கண்ணீர்

"இந்தக் கண்ணீரை மட்டும் அழிச்சுக் குடுங்க பாய்."

ராஜப்ரியா படத்தை ஓவியர் கலீல் ரகுமானின் மேசையில் சாய்த்து வைத்தாள். சட்டத்துக்குள் அவளுடைய அப்பா. காரைக்குடி வட்டாரத்து நாடகமேடைகளில் பபூன் வேஷம் கட்டிய வைரவன். உதட்டில் சிரிப்பு, கண்களில் நீர்.

"நேத்துப் படத்திறப்புக்கு வர முடியல தாயி. காய்ச்சல். என்ன பேசுனாக?"

"மைக்கைப் பிடிச்ச அத்தனை பேரும் இந்தக் கண்ணுக்குத்தான் விளக்கம் சொன்னாக. 'ஊரைச் சிரிக்க வச்சவர் உள்ளுக்குள்ள அழுதார், இந்தப் படமே சாட்சி'ன்னு. சொல்லிப்புட்டு என்னையப் பாக்குறாக."

ஏன் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அப்பாவின் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு புதுவயலுக்குப் போனவள் அவள். அதன்பிறகு அவர் அவள் வாசலை மிதிக்கவே இல்லை. போன மாதம் கண்ணை மூடிவிட்டார்.

"நீங்க அவரு கூட்டாளி. உள்ளதைச் சொல்லுங்க. என்னாலதான் அழுதாரா?"

"அதான் படத்துலயே இருக்கே தாயி. கண்ணால பார்த்ததை வரைஞ்சு நாடக சங்கத்துக்குக் குடுத்தேன்."

"அப்பக் கண்ணுல தண்ணி வந்தது மெய்தான்."

"மெய்தான். தாரை தாரையா வந்துச்சு."

"அப்ப அழிக்க வேணாம் பாய். என் வீட்டுலயே மாட்டிக்கிறேன். தினமும் பாத்து நான் அனுபவிக்கணும்ல."

அவர் படத்தைத் தூக்கி மேலும் கீழும் பார்த்தார்.

"இதென்ன, படம் பாதியில நிக்குது? யாரு சட்டம் போட்டது?"

"நாடக சங்கத்துல போட்டாக. கைவசம் இருந்த சட்டம் சின்னதாம்."

"நல்லாப் போட்டாக. வேட்டியை மடிச்சுக் கட்டுற மாதிரில்ல கட்டியிருக்காக" என்று முணுமுணுத்தபடி, பின்னாலிருந்த ஆணிகளைப் பிடுங்கினார். உள்ளே மடித்துவிட்டிருந்த ஓவியத் துணியை இழுத்து மேசையில் விரித்தார்.

அப்பாவின் மடியில் ஒரு முறம். முறம் கொள்ளாமல் சின்ன வெங்காயம். கையில் கத்தி. பக்கத்தில் பள்ளிவாசலின் கஞ்சி அண்டா.

"நோன்புக் கஞ்சிக்கு உரிக்கிறாரு. வருசா வருசம் வந்து உரிச்சுக் குடுப்பாரு. ஆனா அன்னைக்கு வெங்காயத்தையும் அவரே மூட்டையா வாங்கியாந்தாரு தாயி. 'என் மக ராஜப்ரியாவுக்குப் பொட்டப்புள்ள பிறந்திருக்கு, இன்னைக்குக் கஞ்சி நம்ம செலவு'ன்னு வந்தவுக போனவுககிட்டயெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."