நாலு பைபிளும் ஒரு கப்பலும்

"எலியாஸ் என்ன, பைபிள் கடை வைக்கப் போறானா?" என்றாள் என் மனைவி மார்யுன்.

என் சிநேகிதன் எலியாஸ், பாதிரியாரிடம் பழைய டேனிஷ் பைபிளை வாங்கிப் போயிருந்தான். எங்கள் ஃபாரோ தீவு மொழியில் அவனிடமே ஒன்று இருக்கிறது. போதாதென்று இன்னொரு மொழிபெயர்ப்பை வாத்தியார் வீட்டில் இரவல் கேட்டு வாங்கினான். இன்று எங்கள் வீட்டு நார்வே பைபிளும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் கூரையில் அவன் செய்த சின்ன மரக் கப்பலைத் தொங்கவிட வேண்டும். போன குளிர்காலத்தில் கடலில் புயலுக்குப் பிழைத்து வந்ததற்குக் காணிக்கை. பாய்மரம், கயிறு, நங்கூரம் எல்லாம் அச்சு அசல். ஊரே கேக் சுட்டுக்கொண்டிருக்க, இவன் என்னடாவென்றால் பாதிரியாரிடம் போய், "விழாவைக் கொஞ்சம் தள்ளி வைங்க" என்றிருக்கிறான்.

"கப்பலுக்கு அடியில பலகை மாட்டி வசனம் எழுதுவான்ல? எந்த பைபிள்ல ஜோரா இருக்குன்னு தேடுறான். எல்லாம் பெருமை!" என்றாள் மார்யுன். "கூடப் பிறந்த தம்பி டான்யலோட பேச்சு கிடையாது. இதுல சாமிக்குக் கப்பலாம், கப்பல்!"

எனக்கு ஆவல் தாங்கவில்லை. நேரே எலியாஸ் வீட்டுக்குள் போய் நின்றேன். மேஜை நடுவில் கப்பல். அதைச் சுற்றி நாலு பைபிளும் திறந்து கிடந்தன.

"வாடா ஹெய்னி, நல்ல நேரத்துல வந்தே. உன் நார்வே பைபிள்ல அந்தக் காணிக்கை வசனத்தைப் படி."

படித்துப் பார்த்தேன். "காணிக்கையை அங்கேயே வெச்சுட்டு, முதல்ல போய் சகோதரனோட சமாதானமாகணும்னு இருக்கு."

"உன்னுதும் அப்படித்தானா!" தலையில் கைவைத்துக்கொண்டான். "ஒண்ணு 'ஒப்புரவாகு'ங்குது, ஒண்ணு 'ராசியாகு'ங்குது. வார்த்தைதான் மாறுது. 'முதல்ல போ'ங்கிறது மட்டும் எதுலயும் மாற மாட்டேங்குது."

"அதுக்கு எதுக்குடா இத்தனை பைபிள்?"

"ஏதாவது ஒண்ணாவது என்னை விட்டுடும்னு பார்த்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட, உன்னை ஒரு வார்த்தை கேட்காம அப்பா படகை வித்தது யாரு? டான்யல்தானே? நியாயம் உன் பக்கம். அவன்தான் வரணும்."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். சின்ன வயசுலேர்ந்து தெரிஞ்ச வசனம்டா. எனக்கு அவன்மேல இருக்கிற கோபத்தைப் பத்தித்தான் அதுல இருக்குன்னு இத்தனை வருஷமா நம்பிட்டிருந்தேன். நாலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வரி வரியாப் பார்த்தப்பதான்…"

அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவன் எழுந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"எங்கே கிளம்பிட்டே?"

"டான்யல் வீட்டுக்கு."

"போய் என்னன்னு பேசுவே?"

கதவருகே நின்றான்.

"எனக்கு அவன்மேல என்ன குறைன்னு ஒரு பைபிள்கூடக் கேட்கலை, ஹெய்னி. அவனுக்கு என்மேல என்ன குறைன்னுதான் நாலும் கேட்குது. அதை நான் அவன்கிட்ட ஒருநாள்கூடக் கேட்டதே இல்லை."