சொன்ன பேச்சைக் கேட்டவர்

லிஃப்ட்காரர் ஓட்ஸ் பால் அட்டைப்பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அதன் முதுகில் இருந்த பொடி எழுத்தை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார்.

சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்த அவர் மனைவிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

இருக்காதா பின்னே? கல்யாணமான நாளிலிருந்து அவள் கரடியாய்க் கத்தியும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். காபி என்றால் மேலே கிரீம் மிதக்க வேண்டும், அடியில் கண்டென்ஸ்டு மில்க் தங்க வேண்டும், நடுவில் ஸ்பூனை நட்டால் நிற்க வேண்டும். கொழுப்பு ஏறுகிறது, நெஞ்சுக்கு ஆகாது என்று அவள் ஆரம்பித்தால், இத்தனை மாடிக்கட்டடத்து லிஃப்டை ஓட்டுகிறவனுக்குத் தன் நெஞ்சை ஓட்டத் தெரியாதா என்பார்.

அவளும் திட்டிக்கொண்டேதான் போட்டுக்கொடுப்பாள். டப்பாவில் ஒட்டியிருப்பது வீணாகக் கூடாதென்று வழித்துத் தன் கோப்பையில் போட்டுக்கொள்வாள். அதெல்லாம் கணக்கில் வராது.

துணி ஆல்டர் செய்கிற கடையில் அவள் தையல்காரி. வருஷா வருஷம் அவர் பேண்ட்டின் இடுப்பைப் பிரித்துத் தைக்கிறவளும் அவள்தான். அந்த உடம்பு எந்தத் திசையில் போகிறது என்று அவள் கைக்குத் தெரியும். அவளுக்கென்ன, ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. கடையில் அவளைக் கூப்பிடுவதே ஊசி என்றுதான்.

முந்தாநாள் காலையில் இருவரும் வெறும் வயிற்றோடு போய்க் கொழுப்புப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்கள். தனியாகப் போக மாட்டேன் என்று அவர் சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடித்ததால், துணைக்கு அவளும் கையை நீட்டினாள்.

நேற்று வேலை முடிந்து ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவர், எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். சாப்பாடு இறங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

இன்று அவளுக்கு முன்னால் எழுந்து காபி போடுகிறார்.

சர்க்கரை டப்பாவைத் தொடவில்லை. இரண்டு கோப்பையிலும் ஓட்ஸ் பாலை ஊற்றி, பட்டைத்தூளை ஆளுக்கொரு சிட்டிகை தூவினார். குப்பைக்கூடையில் கண்டென்ஸ்டு மில்க் டப்பா தலைகுப்புறக் கிடந்தது. அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்ததென்று அவளுக்குத் தெரியும்.

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

டாக்டர் என்னவோ பெரிதாகச் சொல்லியிருக்கிறார். அடைப்பா? ஆபரேஷனா? அதற்கும் மேலேயா? வாயைத் திறந்து கேட்டுவிடலாம். கேட்டால் சொல்லிவிடுவாரே என்று பயமாக இருந்தது.

அவர் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்து, தன்னுடையதில் ஒரு வாய் குடித்தார். முகத்தைக் கூடச் சுளிக்கவில்லை. இது காபியா, கழுவின தண்ணியா என்று ஒரு வார்த்தை திட்டினாரென்றால் அவளுக்கு உயிர் வந்திருக்கும்.

அவள் எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்தாள். நல்லவேளை, கிரீம் டப்பா இன்னும் குப்பைக்குப் போகவில்லை. கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஒரே ஒரு ஸ்பூன் போட்டுக்கோங்க. ஒண்ணும் ஆயிடாது."

இத்தனை வருஷத்தில் அவள் வாயில் வராத பேச்சு. அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் கண் தளும்பி நின்றதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு ஸ்பூன் கிரீமை அள்ளித் தன் காபியில் போட்டுக் கலக்கி, மடக் மடக்கென்று குடித்தார்.

அப்பாடா.

சாகக் கிடக்கிற மனிதர் இப்படிக் குடிப்பாரா? அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்தது. பாவி மனுஷன், ஒரு ராத்திரிக்குள் என்ன பாடு படுத்திவிட்டார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில் டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழித்தாள். தன் கோப்பைக்குக் கொண்டுபோனாள்.

அவர் கை குறுக்கே வந்து அவள் கோப்பையை மூடியது.

சூட்டு ஆவி உள்ளங்கையில் பட்டும் அவர் எடுக்கவில்லை.

"உனக்கு வேண்டாம்மா," என்றார்.

கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ஸ்பூன் அப்படியே நின்றது. முந்தாநாள் ஊசி குத்தியது இரண்டு பேர் கையிலும்தான். தன்னுடையது என்ன ஆயிற்று என்று கேட்க அவளுக்கு இதுவரை தோன்றவே இல்லை.