மேற்குப் பார்த்த ஹால்

கமலா செல்போனை எழில்மதியின் ஆபீஸ் மேசைமேல் வைத்து, படத்தை விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். "இதே மாதிரி எங்களுக்கும் ஒரு பிளான் போட்டுக் குடு பாப்பா. ஒரு அங்குலம்கூட மாறக் கூடாது."

படத்தில் இருந்தது எழில்மதி தன் அம்மாவுக்காக வரைந்த வீடு.

இன்ஜினியரிங் முடித்து, கள்ளக்குறிச்சியில் தங்கி, பிளான் போடும் ஆபீஸ் திறந்தபின் அவள் வரைந்த முதல் வீடு. கரும்பு வெட்டியே காலத்தை ஓட்டிய காசியம்மாளுக்கு மகள் வீடு கட்டிக் கொடுத்துவிட்டாள் என்று சொந்த ஊரான வடக்கனந்தலில் பாதி ஊர் வந்து பார்த்துவிட்டுப் போனது.

மேற்குப் பார்த்த மனை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க வேண்டுமென்று ஹாலின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்தாள். பின்சுவரில் ஜன்னல் வரவேண்டிய இடத்தில் ஷோகேஸ். ஊர் பார்ப்பதற்கு வீடு வரைந்தாளே தவிர, மேற்கு வெயில் கண்ணாடியில் நேராக இறங்கும் மத்தியானம் மூன்று மணிக்கு அதற்குள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள் என்று யோசிக்கவில்லை, பாவி.

போன சித்திரையில் அம்மா அந்த ஹாலிலேயே விழுந்து செத்துப்போனாள்.

ஊருக்கு அது மாரடைப்பு. டாக்டர் மட்டும் எழில்மதியைத் தனியே கூப்பிட்டு, சூடு தாங்காமல் போன உயிர் என்றார். முன்பெல்லாம் இப்படி வெயில் இல்லை, மனுஷர்கள் எல்லாருமாகச் சேர்ந்துதான் உலகத்தைச் சூடாக்கி வைத்திருக்கிறோம், நீ என்னம்மா செய்வாய் என்று ஆறுதலும் சொன்னார்.

எல்லாரும் சேர்ந்து செய்ததுதான். ஆனால் அந்த ஹாலை எல்லாரும் சேர்ந்து வரையவில்லை.

துக்கம் ஒரு பக்கம், பேர் கெட்டுவிடும் என்ற பயம் ஒரு பக்கம். டாக்டர் சொன்னதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பின்னால் ஜன்னல் வைத்து, முன்னால் தாழ்வாரம் இறக்கி வேறு மாதிரி போட்டுத் தருகிறேன் என்று இப்போது ஊரிலிருந்து வந்திருக்கும் கமலாவிடம் சொல்லிப் பார்த்தாள். கமலா மசியவில்லை.

கமலாவின் புருஷன் இருசப்பன் கரும்பு லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். இரண்டு வருஷமாகப் படுத்த படுக்கை. புது வீட்டில் அவர் கட்டிலை ஹாலில்தான் போட வேண்டுமாம், தெருவைப் பார்த்துக்கொண்டு கிடப்பாராம்.

"அவர அந்த மாதிரி ஹால்ல போட வேண்டாம்க்கா," என்றாள் எழில்மதி.

"அவருக்காவத்தான் கேக்கறேன் பாப்பா. வெயிலு எம்மா ஜாஸ்தி! நாங்கல்லாம் மத்தியானத்துல புங்கமரத்தடியில குந்திக்கினு இருப்போம். உங்கம்மாவையும் கூப்புடுவேன். எம்பொண்ணு போட்ட வூடு உள்ள ஜில்லுனு கீது, நான் எதுக்கு அங்க வரணும்னு கேக்கும். ஒரு நாளுகூட வெளிய வரலியே!"

கூப்பிடு தூரத்தில் நிழல் இருந்தும் அம்மா ஏன் போகவில்லை என்றுதான் எழில்மதி இத்தனை நாளும் மருகிக்கொண்டிருந்தாள். மகள் கட்டிய வீட்டை விட்டு மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று அந்த மனுஷி உள்ளேயே இருந்திருக்கிறாள்.

"எங்கம்மா பொய் சொல்லியிருக்குதுக்கா," என்றாள். டாக்டர் சொன்ன அத்தனையையும் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் இருசப்பனைப் படுக்கவைத்தால் அடுத்த சித்திரையைத் தாண்டமாட்டார் என்றும் சொன்னாள்.

கமலாவின் முகம் மாறியது.

"நீ மட்டும் கண்ணாடி வூடு கட்டுவ, எங்களுக்கு ஆவாதா? அதுக்கோசரம் செத்தவங்களப் போயி பொய்க்காரின்றியே. நல்லா இருப்பியா நீ?"

செல்போனை எடுத்துக்கொண்டு விருட்டென்று எழுந்து போனாள். எழில்மதி வாசல்வரை ஓடி, அக்கா அக்கா என்று கூப்பிட்டாள். வெயிலில் முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு கமலா சாலையைக் கடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

எதிரே இன்னொருவருடைய பிளான் ஆபீஸ் இருந்தது. அங்கே கமலாவை உட்காரச் சொல்லி நாற்காலி போட்டார்கள்.