பட்டை சிவந்தால் மேடை

"ஏட்டி, வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?"

எட்டாம் வகுப்பில், பதில் சொல்ல வராமல் நின்ற என்னிடம் தாவீது சார் இப்படிக் கேட்டதும் வகுப்பே சிரித்தது. மறுநாளிலிருந்து நான் பள்ளிக்குப் போகவில்லை.

இப்போது நெல்லைக் கலைவிழாவில் கூத்தோ நடனமோ நாடகமோ, எதுவானாலும் முதலில் என் முன்னால்தான் நடக்கும். என் மணிக்கட்டில் கட்டிய பட்டை, நான் மனசார ரசித்தால் சிவக்கும்; சிவந்தால்தான் அதற்கு மேடை. மரியாதைக்குச் சிரிப்பவர்களைப் பட்டை நம்பாது. எனக்கு அப்படிச் சிரிக்க வராது.

நேற்று தாவீது சாரின் நாடகம் வந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தொடக்கக் காட்சி அருமை; பட்டை நன்றாகவே சிவந்தது. அடுத்து வகுப்பறைக் காட்சி. பேசாமல் நின்ற சிறுமியிடம் வாத்தியார் அதே கொழுக்கட்டைக் கேள்வியைக் கேட்டார். நடிகர்கள் சிரித்தார்கள், விழாச் செயலாளரும் சிரித்தார். பட்டை வெளுத்துவிட்டது.

"என்ன மாரிக்கனி, போச்சா?" என்றார் செயலாளர்.

பெயரைக் கேட்டதும் தாவீது சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நாடகம் நல்லாத்தான் இருக்கு சார். அந்த ஒரு கேள்விய எடுத்துட்டா தேறிரும்," என்றேன் அவரிடம்.

என் குரலை அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த பிரதியில் அந்தப் பக்கத்தைக் கிழித்து என் முன்னால் வைத்தார். பிறகு வெளியே போனார்.