அந்தப் பெயருக்கு வந்த கடிதங்கள்

"பேரை அவன் பிடிச்சு வச்சிருக்கான், தங்கச்சி. எப்பிடியாவது எடுத்துத் தாங்க" என்றார் தாஹிர் நானா, கதிரையில் இருப்பதற்கு முன்பே.

அந்த 'அவன்' ஜெயக்காந்தன். இருவரும் கூட்டாகப் படகு வைத்து, சுற்றுலா வருபவர்களைத் திமிங்கிலம் பார்க்கக் கூட்டிப்போனவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் பிரிந்துவிட்டார்கள். இணையதளத்தின் பெயர் ஜெயக்காந்தனின் கணக்கிலேயே நின்றுவிட்டது. அதைத் தட்டினால் இப்போது வெறும் வெள்ளைப் பக்கம்தான்.

நானா புதுத் தளம் செய்து வைத்திருந்தார். பழைய பெயரை அதோடு இணைக்க, இணையதள வேலை செய்யும் என்னிடம் வந்திருந்தார். வெளிநாட்டுக்காரருக்குத் தெரிந்தது அந்தப் பெயர்தான். அடுத்த கிழமை சீசன் தொடங்குகிறது.

ஜெயக்காந்தன் தரவே மாட்டான், தன்னுடைய வியாபாரத்தை முடக்கத்தான் வைத்திருக்கிறான் என்று நானா சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி ரபீக்கா இருந்தார்.

தெரியாதவர்களோடு போனில் கதைப்பதென்றால் எனக்குக் கூச்சம். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அழைத்தேன், நானாவுக்கும் கேட்கும்படி. ஜெயக்காந்தன் தன்னுடைய படகில் நின்றார், எஞ்சின் இரைந்தது. நான் வாசித்து முடிக்கவில்லை, கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டார்.

"ஒண்டு பிள்ளை, ஈமெயில் வரியில மட்டும் கை வைக்காதேங்கோ."

போனை வைத்ததும் நானா எழும்பிவிட்டார். "பாத்தீங்களா? களவு அங்கதான் இருக்கு. எனக்கு வாற புக்கிங் அதாலதான் அவனுக்கும் போகுது. அதை அழிச்சு விடுங்க."

முதலில் பெயரை இணைத்தேன். எத்தனை தரம் செய்தாலும் இந்த இடம் எனக்கு அதிசயம்தான். எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் ஒரு சின்ன அறையிலிருந்து நான் நாலு எண்களை மாற்றுகிறேன். நோர்வேயில் யாரோ தட்டும் பெயர் வேறு கதவைத் திறக்கிறது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் பக்கம் மறைந்து கடலும் நானாவின் படகும் வந்தன.

பிறகு ஈமெயில் வரி. அழிக்கப் போனவள் நின்றுவிட்டேன்.

அந்த வரியில், அந்தப் பெயருக்கு வரும் கடிதங்கள் போய்ச் சேர இரண்டு முகவரிகள் இருந்தன. ஜெயக்காந்தனுடையது அணைக்கப்பட்டிருந்தது. எல்லாக் கடிதமும் மற்றதற்கே போயிருந்தது.

"நானா, இது உங்கட முகவரி."

அணைத்த திகதியை வாசித்தேன். "பிரிஞ்சதுக்கு அடுத்த நாள்" என்றார் ரபீக்கா மெதுவாக.

இரண்டு வருடமாக ஒருவர், தன் கணக்கில் இருந்த பெயரைக் காப்பாற்றி, அதற்கு வந்த ஒரு கடிதத்தைக்கூடத் தான் பார்க்காமல் இருந்திருக்கிறார்.

ரபீக்கா நானாவின் போனை வாங்கிப் பழைய கடிதங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பல கடிதங்கள் 'அன்புள்ள ஜெயக்காந்தன், இந்த முறையும் உங்களோடுதான் வருவோம்' என்று தொடங்கின.

"இது அவரைத் தேடி வந்தது தானே. இதுகளுக்கு நீங்க என்ன பதில் எழுதினீங்க?"

நானா நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"ஜெயக்காந்தன் இப்ப கடலுக்குப் போறதில்லை எண்டு."