காலி கண்டெய்னரில் வெளிச்சம் பார்ப்பது

கதவு சாத்தியதும் இருட்டு.

அவன் கண்ணை மூடிக்கொண்டு பத்து எண்ணினான். காலி கண்டெய்னருக்குள் நின்று வெளிச்சம் பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். வெயிலில் இருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக வேண்டும். அப்போதுதான் ஓட்டை இருந்தால் தெரியும்.

கண்ணைத் திறந்தான்.

பக்கச் சுவர்களில் ஒன்றும் இல்லை. தரையில் இல்லை. கதவு இடுக்கிலும் இல்லை.

கூரையில் இருந்தது.

கடைசி மூலையில், துருவேறிய மடிப்பில், ஒரே ஒரு புள்ளி. கடுகைவிடச் சின்னது. வெளியே தூத்துக்குடி வெயில் அடித்துக்கொண்டிருப்பதை அது ஒன்றுதான் உள்ளே சொன்னது.

மழைக்கு அது போதும்.

ஏற்றப் போவது தீப்பெட்டி. மாதம் ஐப்பசி. கோவில்பட்டியில் செண்பகவல்லி அக்கா நடத்துகிற சின்னத் தீப்பெட்டி ஆபீஸில் இருந்து முதன்முதலாகக் கப்பலுக்குப் போகிற சரக்கு. பெரிய கம்பெனி வண்டிகளை விட்டுவிட்டு அந்த அக்கா இவனைக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம்தான் சொன்னார். சொந்த வண்டிக்காரன் என்றால் பார்த்துச் செய்வான்.

பார்த்துத்தான் விட்டான்.

போன ஆடியில் பார்க்கவில்லை. அவசரத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனான். திருப்பிக் கொண்டுவந்தபோது யார்டுக்காரர்கள் பழைய ஓட்டைக்கான செலவை அவன் தலையில் கட்டினார்கள். இரண்டு மாத ஓட்டம் அதிலேயே போயிற்று. கண்டெய்னர் ஓட்டினால் காசு கொட்டும் என்று யோசனை சொன்ன மகராசன்கள் ஒருவரும் அன்று கண்ணில் படவில்லை.

ஓட்டை என்று இப்போது சொன்னால் வேறு கண்டெய்னர் கொடுப்பார்கள். ஆனால் வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். கடைசி வண்டிக்கு நாளைக்குத்தான் முறை வரும். நாளை சாயங்காலத்தோடு அந்தக் கப்பலுக்குத் துறைமுக வாசலை அடைத்துவிடுவார்கள். லோடு வேறு யாருக்காவது போய்விடும்.

பதினோரு நாள் சும்மா கிடந்த பிறகு கிடைத்த லோடு. இதுவும் இல்லையென்றால் வண்டிச் சாவியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பழையபடி சம்பளத்துக்கு வா என்று, வண்டியைத் தவணைக்குக் கொடுத்த பழைய முதலாளி சொல்லிவிட்டார். அவனும் தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தான்.

வெளியே இருந்து தகரத்தைத் தட்டினாள் அவன் மனைவி. கிளீனருக்குக் கூலி கொடுக்க முடியாமல் போன நாளில் இருந்து அவள்தான் கூட வருகிறாள். ரிவர்ஸ் பார்ப்பதும் அவள்தான், கதவு சாத்துவதும் அவள்தான்.

அவன் அந்தப் புள்ளியை இன்னும் ஒரு முறை பார்த்தான்.

இருட்டாகத்தான் இருக்கிறது, திற என்றான்.

கதவு திறந்தது. கண் கூசியது. நல்லவேளை, அந்தச் சாக்கில் அவள் முகத்தைப் பார்க்காமல் இறங்க முடிந்தது.

அவள் அவனைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாத்துங்க. நானும் ஒரு தடவ பாக்கேன்."

யார்டு சூப்பர்வைசருக்குச் சிரிப்பு. வீட்டுக்காரர் மேல் அவ்வளவு நம்பிக்கையா என்று கேட்டார். பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரனை அழுத்தினான். அவள் யாரையும் கண்டுகொள்ளாமல் ஏறி உள்ளே நடந்தாள்.

அவன் கதவைச் சாத்தினான். கம்பியைத் திருப்பினான்.

அவளுக்குக் கண் பொல்லாதது. எதிரில் வருகிற லாரியின் நம்பரை அவனுக்கு முன்னால் வாசித்துவிடுவாள்.

பயமாக இருந்தது. பார்த்துவிடுவாளே என்று பயம். பார்த்துவிட்டால் நல்லது என்றும் தோன்றியது. அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு இன்றைக்காவது நிம்மதியாகத் தூங்கலாம். பழியும் பாதிதான்.

பத்து எண்ணினான்.

இருபது.

உள்ளே காலடி கேட்டது. கதவுப் பக்கம் இருந்து மெல்லப் போயிற்று. கடைசி மூலையில் நின்றது.

ஹாரன் மறுபடியும் அடித்தது. அவன் கை கம்பியிலேயே இருந்தது.

நாற்பது.

காலடி திரும்பி வந்தது. கதவுக்குப் பின்னால் நின்றது.

"ஒண்ணுமில்ல. தெறங்க."

அவன் உடனே திறக்கவில்லை. காதில் விழுந்தது சரிதானா என்று ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு திறந்தான்.

அவள் அவன் கையைப் பிடிக்காமல் இறங்கினாள். சூப்பர்வைசர் காகிதத்தை நீட்டினார். ஓட்டை உடைசல் எதுவும் இல்லை, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழே அவன் கையெழுத்துப் போட்டான்.

வண்டி யார்டை விட்டு வெளியே வந்தது. கேட்டைத் தாண்டி, உப்பளத்தைத் தாண்டி, நெடுஞ்சாலையில் ஏறியது.

எட்டயபுரம் திருப்பத்தில் அவன் கியரை மாற்றினான். அவள் சாலையோரத்துக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"தார்ப்பாய் விக்கிற கடை இருந்தா நிறுத்துங்க" என்றாள். "பெருசெல்லாம் வேண்டாம். அந்த மூலைக்கு மட்டும்."