மூடியைத் தூக்கிய மாமனார்

"மாமா, அந்த மூடியை மட்டும் தொடாதீங்க."

மருமகள் இதை மூன்றாவது தடவையாகச் சொல்லி முடிப்பதற்குள், மாமனார் பெட்டியின் மூடியை முழுசாகத் தூக்கிவிட்டார்.

கீங்கென்று மணி அலறியது. லேசர் தானாக அணைந்தது. திரையில் ஓடிய கோடு செத்துப்போனது.

ஆய்வுக்கூடத்தை வீட்டாருக்குச் சுற்றிக் காட்டும் நாள் அது. அவள் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்க, பெரிய விஞ்ஞானிகள் மூன்று பேர் அன்றைக்கேயா வந்து நிற்கவேண்டும்?

"உள்ளே அப்படி என்னதான் இருக்குன்னு..." என்று இளித்தார் மாமனார். பாதுகாப்புக்குப் போட்ட பச்சைக் கண்ணாடியில் வெட்டுக்கிளி மாதிரி இருந்தார்.

"காய்ஞ்ச காத்து இருந்துச்சு மாமா. இப்ப இல்லை." பல்லைக் கடித்தாள் அவள். "வெளிக்காத்துல இருக்கிற ஈரம், நான் அளக்குறதுக்கு விடுற டெராஹெர்ட்ஸ் அலையைக் குடிச்சிடும். அப்புறம் நான் எதை அளக்கிறது?"

"எதை அளப்பே?"

"குறைகடத்திச் சில்லு மேல ஒளி பட்டதும் உள்ளே எலெக்ட்ரான் எல்லாம் எழுந்து ஓடும். ஒரு நொடியை லட்சம் கோடியாக் கூறு போட்டா, அதுல சில கூறுக்குள்ள ஓடி அடங்கிடும். அதை."

"அடேயப்பா. என் பையன்கிட்ட இல்லாத சுறுசுறுப்பு."

ஒரு விஞ்ஞானி சிரித்துவிட்டார். அந்த மூவர் குழுவின் தலைவி சிரிக்கவில்லை. "திரும்பக் காய எவ்வளவு நேரமாகும்?"

"அரை மணி, மேடம்."

"சரி, காத்திருக்கோம்."

ஒளியைத் திருப்பும் கண்ணாடிகள் அசைந்துவிட்டனவா என்று பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள்.

சில்லு வைக்கிற இடம் காலியாக இருந்தது.

சில்லு மேசைமேல் டப்பாவிலேயே கிடந்தது. சட்டென்று எடுத்துப் பொருத்தினாள். யாரும் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? மாமனார்தான் கதவு மாதிரி குறுக்கே நின்று, மகன் தன் கல்யாணத்தன்று சட்டையைத் திருப்பிப் போட்டுவந்த கதையை அளந்துகொண்டிருந்தாரே. தலைவியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அரை மணி கழித்துத் திரையில் கோடு மலைபோல் ஏறிச் சரிந்து இறங்கியது.

"அழகு," என்றார் தலைவி. "வேலை உங்களுக்குத்தான். உத்தரவு வந்துடும்."

படியில் இறங்கும்போது அவளுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள்.

"மாமா, நீங்க மட்டும் சேட்டை பண்ணலைன்னா நான் தொலைஞ்சேன். சில்லையே வெக்காம காட்டப் போயிருக்கேன்."

"தெரியும்மா. காலையில எனக்குக் காட்டிட்டு டப்பாவுல போட்டே. திரும்ப எடுக்கவே இல்லையே."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது. "அதை அப்பவே சொல்லியிருக்கலாமே மாமா?"

"அந்த மூணு பேர் முன்னாடியா? உன் பேர் கெட்டுப்போகும்மா," என்றார் மாமனார். "என் பேரு ஏற்கெனவே ஊர் சிரிச்ச பேரு. அதுக்கு என்ன ஆயிடப் போகுது?"